ஆய்வுக்குப் பின்: மனைத் தரகர்கள் மீதான கண்காணிப்பு எங்கே நின்றுவிடுகிறது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



ஓர் ஆவண எழுத்தரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. வாழ்நாளெல்லாம் ஊராரின் சொத்துக்குப் பத்திரம் எழுதியவரின் பெயரால் பேச அழைத்தபோது, பத்திரத்தில் பெயர் வராத ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. கிரையப் பத்திரத்தில் விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள், எழுதியவர் இருக்கிறார். மனையைக் காட்டி, விலை பேசி, அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்த தரகர் மட்டும் இல்லை. முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அவர் பெயர் வராது.

இந்தத் தொழிலுக்கு நாடு தழுவிய ஒழுங்குமுறை 2016இல்தான் வந்தது. ரெரா என்று நாம் சுருக்கிச் சொல்லும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 மே 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு தன் விதிகளை அதே ஆண்டு ஜூனில் வெளியிட்டது. புரோக்கர், டீலர், இடைத்தரகர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், பதிவு பெறாமல் ஒரு மனைத் திட்டத்தில் விற்பனைக்குத் துணை நிற்கக் கூடாது என்றது சட்டம். அதன் பிறகு நம் பேச்செல்லாம் பதிவைச் சுற்றியே இருந்தது: எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் பதியவில்லை. பதிந்தவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது அடுத்த படி. அதற்கும் அடுத்த படியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஆய்வு முடிந்து, குறைகள் எழுதப்பட்டு, தரகருக்குக் கடிதம் போன பிறகு என்ன நடக்க வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரகர் எழுதும் பதில் கடிதத்தை வைத்து ஆய்வுக் கோப்பை மூடக் கூடாது. "சுட்டிக்காட்டிய குறைகள் நிவர்த்தி செய்யப்பட்டன" என்ற ஒரு வரி போதும் என்றால், நடந்தது அலுவலகத்துக்கும் தரகருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து மட்டுமே. ஆய்வுக்குப் பிறகு அவரிடம் வந்த வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்து, அதில் அந்தக் குறை இல்லை என்று கண்ட பிறகே மூட வேண்டும். மூடியதை ஊரும் அறிய வேண்டும். இதை ஆறு பகுதிகளாக விரிக்கிறேன். எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுக்கப்போவதில்லை.

1. மீண்டும் போவதற்குச் சட்டத்தில் வழி

ரெரா சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒழுங்குமுறைக் குழுமம் புகாரின் பேரிலோ தானாகவோ ஒரு தரகரிடம் விளக்கம் கேட்கலாம், விசாரணைக்கு ஆள் அமர்த்தலாம் என்கிறது. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிந்து ஆணையிட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்வதற்கும் ஆட்களை வரவழைப்பதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் குழுமத்துக்கு உண்டு. அதிகாரம் பெரியதுதான், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட விசாரணைக்காகக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முறை எல்லாத் தரகர்களிடமும் போ, மூன்று மாதம் கழித்து மீண்டும் போ என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

ஆகவே மீண்டும் போவதற்கான ஏற்பாட்டை முதல் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். அதற்கு 37ஆம் பிரிவு உதவும். அதன்படி குழுமம் பிறப்பிக்கும் அறிவுறுத்தல் சம்பந்தப்பட்ட எல்லாரையும் கட்டுப்படுத்தும். குறைகளைச் சாதாரணக் குறிப்பாக அனுப்பினால், பதில் வராதபோது நினைவூட்டுக் கடிதம் எழுதலாம், அதற்கும் பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதலாம். அதே குறைகளை 37ஆம் பிரிவைச் சுட்டி, இன்ன தேதிக்குள் இதைச் செய், இன்ன தேதிக்குப் பின் எந்த நாளிலும் அலுவலர் வந்து புதிய கோப்புகளைப் பார்ப்பார் என்று எழுதினால் அது ஆணை. அதை மீறுவது 65ஆம் பிரிவின்படி தண்டத்துக்குரியது. ஒரே செய்திதான். ஆனால் எந்தப் பிரிவின் கீழ் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்துப் பின்தொடர்வதற்கு வலு உண்டாகிறது, அல்லது இல்லாமல் போகிறது.

2. குறைகளை மூன்றாகப் பிரிப்பது

ஆய்வறிக்கைகளில் எல்லாக் குறைகளும் வரிசை எண் போட்டு ஒரே பட்டியலில் நிற்கின்றன. பதிவுச் சான்றிதழ் சுவரில் இல்லை என்பது மூன்றாவது. அனுமதி பெறாத மனைப்பிரிவில் விற்பனை நடந்தது என்பது நான்காவது. இரண்டுக்கும் ஒரே கெடு. இது சரியில்லை.

முதல் வகை, காகிதத்தில் தீர்ந்துவிடும் குறை. சான்றிதழை மாட்டுவது, விளம்பரத்தில் பதிவு எண் போடுவது, முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பது. இதற்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும். யாரும் நேரில் போக வேண்டியதில்லை. அலுவலரின் நேரத்தை இதில் செலவழிக்கக் கூடாது.

இரண்டாம் வகை, பழக்கத்தில் உள்ள குறை. வாங்குபவருக்குத் தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகலைக் கொடுக்காமலேயே பேரம் முடிப்பது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இருவருக்கும் அதைச் சொல்லாமல் இருப்பது. பேசியதை எழுத்தில் வைக்காமல் இருப்பது. இவற்றைப் பழைய கோப்பில் முன்தேதியிட்டு ஒட்டிச் சரிசெய்துவிடலாம். கடிதம் போன பிறகு வந்த வாடிக்கையாளரின் கோப்பில்தான் உண்மை தெரியும். அதனால் நேரில் போவதெல்லாம் இந்த வகைக்காகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஒருவர் ஏற்கனவே நட்டப்பட்ட குறை. பதிவு பெறாத திட்டத்தில் மனை விற்றது, திருப்பித் தர வேண்டிய பணத்தைத் தராதது, இல்லாத சாலையையும் வராத குடிநீரையும் சொல்லி விற்றது. இதற்குக் கெடு கொடுத்துக் காத்திருப்பது தவறு. அன்றே விசாரணைப் பக்கம் போக வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தரகுத் தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பில் இந்தப் பிரிவினை நிறுவன வடிவிலேயே இருக்கிறது. ஆய்வுப் பிரிவின் வேலை தொழிலை நெறிப்படுத்துவது. ஒழுங்கு மீறலை விசாரிக்கச் சிண்டிக் என்று தனி அதிகாரி இருக்கிறார். தீர்ப்புச் சொல்வது இன்னொரு குழு. திருத்த வந்தவரே குற்றம் சாட்டுபவராகவும் இருந்தால், தரகர் எந்தக் கோப்பையும் மனமாரத் திறந்து காட்டமாட்டார். நம் குழுமத்தில் ஆள்பலம் குறைவு; மூன்று தனி அலுவலகம் கேட்பது நடக்காது. ஆனால் ஒரே கோப்பில் மூன்று நிற அட்டை வைக்க ஆள்பலம் தேவையில்லை.

3. டோக்கன் அட்வான்ஸ்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. வீடு, மனை வாங்க அலைந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வாக்கியம் தெரியும்: "சார், நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. இன்னிக்கே ஒரு டோக்கன் போட்டு வச்சிடுங்க." ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கை மாறுகிறது. பெரும்பாலும் ரொக்கம், இப்போது தரகரின் சொந்த எண்ணுக்கு ஜிபே. ரசீது கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு வக்கீல் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு இந்த இடம் வேண்டாம் என்கிறார். அப்போது டோக்கன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஓனரிடம் கொடுத்துவிட்டேன் என்பார் தரகர். எனக்கு வரவில்லை என்பார் ஓனர்.

ரெரா சட்டம் கட்டுநரின் கையில் உள்ள பணத்தை நன்றாகவே கட்டியிருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. வாங்குபவர்களிடம் பெற்றதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. தரகரின் கையில் தங்கிப் போகும் பணத்துக்கு இப்படி ஒரு தனிக் கணக்கு இல்லை. அவர் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. எப்படி என்றால், வருமான வரிச் சட்டத்தின்படி என்கின்றன விதிகள். வருமான வரிக் கணக்கில் கமிஷன் வரும், ஏனென்றால் அது அவருடைய வருமானம். டோக்கன் அவருடைய வருமானம் அல்ல. ஆகவே அதில் வராது. ஆய்வுக்குப் போன அலுவலர் அந்தப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் வாங்குபவர் இழந்த பணத்தின் தடம் கிடைக்காது. குறையே இல்லை என்று எழுதிவிட்டு வருவார், அதுவும் நேர்மையாகவே.

வெளிநாடுகளில் இதற்கு இரண்டு வழிகள் கண்டிருக்கிறார்கள். கியூபெக் போன்ற இடங்களில் தரகு நிறுவனம் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனி நம்பிக்கைக் கணக்கு வைக்கிறது. ஆய்வாளர் அதைத் தணிக்கை செய்கிறார். சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே 2010இல் சொத்து முகவர் சட்டம் வந்து, அதே ஆண்டு முகவர் மன்றம் அமைந்தது. சிங்கப்பூரில் உள்ள சொத்தை விற்க, வாங்க உதவும் முகவர் அந்தப் பேரத்தின் பணத்தைத் தொடவே கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை வாடகைக்கு விடும்போதும் அப்படியே.

நமக்குச் சிங்கப்பூர் வழிதான் பொருந்தும் என்பது என் திடமான கருத்து. நம்பிக்கைக் கணக்கு என்றால் அதைத் தணிக்கை செய்யக் கணக்காளர் வேண்டும், மாதாமாதம் பொருத்திப் பார்க்க வேண்டும், ஒற்றை ஆளாகத் தொழில் நடத்தும் தரகருக்கு அது பாரம். 'தொடக் கூடாது' என்ற விதியைப் பின்தொடர்வது எளிது. தரகரின் வங்கிக் கணக்கில் வாங்குபவரிடமிருந்து கமிஷன் அல்லாத ஒரு வரவு வந்திருந்தாலே மீறல். மேலே விவாதம் இல்லை. யுபிஐ வந்த பிறகு அந்தத் தடம் தானாகவே பதிகிறது. ரொக்கம் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் டோக்கனைத் தரகரிடம் தரவே கூடாது என்பது ஊருக்குத் தெரிந்த விதியாகிவிட்டால், ரொக்கம் கேட்கும் தரகரை வாங்குபவரே சந்தேகிப்பார்.

4. இரண்டாம் முறை போகிறவர் எந்தக் கோப்பைக் கேட்பது

முதல் ஆய்வில் தரகர் எடுத்துக் கொடுத்த கோப்புகளைப் பார்த்திருப்பார்கள். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தால் போனதில் பயனில்லை. கோப்பைத் தேர்ந்தெடுப்பது தரகரின் கையில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து பட்டியலோடு போக வேண்டும்.

அந்தப் பட்டியலுக்கான விவரங்கள் ஏற்கனவே அரசின் வெவ்வேறு மேசைகளில் இருக்கின்றன. கட்டுநர் ஒரு திட்டத்தைப் பதிவு செய்யும்போதே தம் தரகர்களின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. எத்தனை வீடுகள், மனைகள் முன்பதிவாகியிருக்கின்றன என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணையதளத்தில் அவர் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. தரகருக்குக் கமிஷன் கொடுக்கும் நிறுவனம் அதில் வருமான வரி பிடித்தம் செய்கிறது. 2024 அக்டோபரிலிருந்து அந்த விகிதம் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தாலும், பிடித்தம் செய்த பதிவு இருக்கத்தான் செய்யும். ஆகவே அலுவலர் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் அவருடைய வரிப் பிடித்த விவரம். எந்தெந்த நிறுவனம் அவருக்குக் கமிஷன் கொடுத்தது என்று அதில் இருக்கும். அந்த நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் ஆய்வுக்குப் பிந்தைய பெயர்கள் நான்கைந்தை எடுத்து, அந்தக் கோப்புகளைக் காட்டச் சொன்னால் போதும். கோப்பே இல்லை என்றால் அதுவே கண்டுபிடிப்பு.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் உறங்குகிறது. தரகர் தம் பதிவு எண்ணைத் தாம் துணை நின்ற ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. எங்கே குறிப்பிடுவது? கிரைய ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி இருந்தால், அந்த எண்ணை வைத்து ஒரு தரகரின் எல்லா விற்பனைகளையும் ஒரே தேடலில் எடுத்துவிடலாம். இந்த அரங்கில் இருக்கும் பதிவுத் துறை அலுவலர்களிடம் நான் வைக்கும் நேரடியான வேண்டுகோள் இது. உங்கள் மென்பொருளில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்.

கடைசியாக, வாங்கியவரிடம் பேசுவது. கோப்பில் எல்லா நகலும் இருக்கும், கையெழுத்தும் இருக்கும்; ஆனால் "இதையெல்லாம் எப்போது கொடுத்தார்?" என்று வாங்கியவரைத் தொலைபேசியில் கேட்டால், பத்திரம் முடிந்த அன்று என்பார். எந்தக் காகிதத்திலும் இல்லாத செய்தி அது. ஐந்து நிமிடம் ஆகும்.

5. இருபத்தோராம் நாள்

9ஆம், 10ஆம் பிரிவுகளை மீறும் தரகருக்கு 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம். கேட்க அச்சமாக இருக்கிறது. ஆனால் மொத்தத் தண்டம், அவர் துணை நின்ற சொத்தின் விலையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. 40 லட்சம் ரூபாய் மனை என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் 2 லட்சம். இருபது நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். இருபத்தோராம் நாளிலிருந்து அந்த மீறல் தொடர்வதற்குக் கூடுதல் விலை எதுவும் இல்லை. குறை கண்டு மூன்று மாதம் கழித்து நினைவூட்டுக் கடிதம் போடும் அலுவலகத்தின் கையிலிருந்த ஆயுதம் எழுபது நாளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

கணக்கு எழுதாதது போன்ற குறைக்கு இன்னொரு சிக்கல்: அது எந்தச் சொத்தின் விலையோடும் ஒட்டவில்லை. எதில் 5 சதவீதம் போடுவது? இப்படிப்பட்ட குறைகளுக்குத் தண்டத்தைவிட, 9ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு தரும் தற்காலிக நிறுத்தம்தான் சரியான கருவி. பதிவை ரத்து செய்வது மட்டுமல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கவும் அது இடம் தருகிறது. ஆனால் தரகரின் தரப்பைக் கேட்ட பிறகே. முப்பது நாள் தொழில் செய்யக் கூடாது என்றால் எந்தத் தரகருக்கும் அது உடனே உறைக்கும். அதை வசூலிக்க யாரையும் அனுப்ப வேண்டியதும் இல்லை.

வசூல்தான் அடுத்த பள்ளம். கட்டாத தண்டத்தை 40ஆம் பிரிவின்படி நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இருக்கிறது. ஜப்தி செய்யலாம், ஏலம் விடலாம். ஆனால் கோப்பு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், வட்டாட்சியருக்கு இறங்கி, வெள்ள நிவாரணத்துக்கும் தேர்தல் பணிக்கும் நடுவே தன் முறைக்குக் காத்திருக்கிறது. மகாராஷ்டிரக் குழுமம் இதற்காகவே வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மூத்த அலுவலரை நியமித்து, ஆட்சியர் அலுவலகங்களோடு பேசி வசூல் ஆணைகளை நகர்த்தச் செய்தது. தண்டம் விதிப்பதும் அது வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பு என்று அந்தக் குழுமம் எடுத்துக்கொண்டதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அதே மகாராஷ்டிரத்தில் இன்னொன்றும் நடந்தது. தரகர்கள் பயிற்சி முடித்துத் தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும் என்று 2023இல் ஆணையிட்டார்கள். கெடு முடிந்தும் சான்று பெறாத ஏறத்தாழ 20,000 பேரின் பதிவை 2024இல் நிறுத்தி வைத்தார்கள். இவ்வளவு பேர்மீது ஒரே வீச்சில் நடவடிக்கை எடுக்க முடிந்ததற்குக் காரணம், தேர்வுப் பட்டியலையும் பதிவுப் பட்டியலையும் கணினியில் ஒப்பிட முடிந்ததே. பாராட்டுக்குரியது. கணினியால் ஒப்பிட முடியாதவை, அதாவது மேலே நான் இரண்டாம் வகை என்று சொன்ன பழக்கக் குறைகள், ஆளை அனுப்பினால்தான் தீரும்.

6. ஊர் அறிய வேண்டியது, சிறு தரகருக்கு உரியது

குழுமத்தின் இணையதளத்தில் தரகர்களின் பெயரும் படமும் இருக்க வேண்டும், பதிவு மறுக்கப்பட்டவர், ரத்தானவர் பெயரும் இருக்க வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. நடுவில் இருப்பவர் அதில் தெரிவதில்லை: ஆய்வில் பெரிய குறை கண்டு, கெடு கடந்தும் சரிசெய்யாதவர். வாங்குபவர் தேடிப் பார்த்தால் பதிவு பெற்றவர் என்றுதான் காட்டும். சிங்கப்பூர் முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் முகவர்மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையும் அவர் பெயருக்குக் கீழேயே தெரிகிறது. நாம் மூன்று விவரம் போட்டால் போதும்: கடைசியாக ஆய்வு நடந்த தேதி, கெடு கடந்தும் திறந்திருக்கும் குறைகள் எந்த வகை, அவை மூடப்பட்ட தேதி. விசாரணை முடியாத குற்றச்சாட்டைப் போடக் கூடாது. அது ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கும். சரிசெய்துவிட்டார் என்றால் அதுவும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் தெரிய வேண்டும். சரியாக நடக்கும் தரகருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

தரகர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மனக்குறை எனக்குத் தெரியும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ என்றால் திட்டப் பதிவே தேவையில்லை. தனியாள் தனியாளுக்கு விற்கும் பழைய வீடு இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அங்கே தரகு பார்ப்பவரிடம் யாரும் வரமாட்டார்கள். கட்டணம் கட்டிப் பதிந்த எங்களிடம் மட்டும் இரண்டாம் முறையும் வருவார்களா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. மறுவிற்பனைத் தரகையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் பதில். பதிந்தவரைப் பின்தொடராமல் விட்டால், பதிந்தவருக்கும் பதியாதவருக்கும் வாங்குபவர் வித்தியாசம் காண வழியில்லாமல் போகும்.

அதே சமயம், தென்காசியிலோ திருப்பத்தூரிலோ டீக்கடை மேசையை அலுவலகமாக வைத்துத் தொழில் பார்க்கும் ஒருவரையும், நூறு பேரை வேலைக்கு வைத்திருக்கும் நகர நிறுவனத்தையும் ஒரே படிவத்தால் அளக்கக் கூடாது. நிறுவனத்தில் குறை கண்டால், அதன் கிளைகளிலும் அதே குறை உண்டா என்று தேட வேண்டும். விளக்கம் சொல்ல வேண்டியவர் அதன் தலைமைப் பொறுப்பாளர். தனியாள் தரகருக்கு முதல் கடிதம் தமிழில் போக வேண்டும். அதோடு ஒரு பக்க மாதிரிப் பேரேடும் வைக்க வேண்டும்: வந்தவர் பெயர், காட்டிய இடம், கொடுத்த நகல்கள், தேதி, பேசிய கமிஷன், கையெழுத்து. இரண்டாம் முறை போகும் அலுவலர் அந்த ஒரு பேரேட்டை மட்டும் பார்த்தால் போதும். தரகருடைய அடுத்த பதிவுப் புதுப்பிப்பு விண்ணப்பத்தோடு அந்தப் பேரேட்டின் நகலை இணைக்கச் சொல்லலாம்.

 உங்கள் கேள்விகளை எதிர்பார்க்கிறேன், குறிப்பாகத் தரகர்களிடமிருந்து.